காஞ்சனாவை இருக்கச் சொன்னேன்

1

உங்களுக்கெல்லாம் சித்திரை வெயில் உச்சந்தலையில் ஏறியிருந்த நாட்களில், குளிர்ச்சட்டையை இன்னும் கழற்ற முடியாத ஒரு காலையில், என் மகள் நிலாவின் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போனேன். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஒரு நிறுவனத்தில் வேலை பழகச் சேர்வதென்றால், ஜெர்மனியில் அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட வேண்டும். என் கணவர் மேசைக்கு வந்ததும் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் தள்ளினார். நான் அதை எடுத்து விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நிறுவனத்தின் முதலாளி நல்ல மனிதர். எனக்கு ஜெர்மன் புரியவில்லை என்று நினைத்துவிட்டார். காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்து விளக்கத் தொடங்கினார். இத்தனை நாள் நிறுவனத்தில், இத்தனை நாள் தொழிற்பள்ளியில், விடுமுறை இவ்வளவு, பாதுகாப்புக் காலணி நாங்களே தருவோம். நிலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, போடு" என்றாள் தமிழில். இதே ஒப்பந்தத்தை வருடா வருடம் அடுத்தவர் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வதுதான் என் வேலை என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? நான் ஒரு பம்பு தொழிற்சாலையில் பயிற்சி மாணவர்களுக்குப் பொறுப்பாளர்.

நிலா சேரும் வேலை கூரை வேய்வது. ஓடு, பலகை, தகரம், பனி வழுக்கும் சரிவு. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊரான கச்சிராயபாளையத்தில் இருக்கும் என் அக்காவிடம் இதைப் போனில் சொன்னேன்.

"கூர மேயறதுக்காடி அவ்ளோ தூரம் போன? இங்கயே கூர மேய ஆளு கெடைக்காம அல்லாடிக்கினு இருக்கறோம். அதுக்கு எங்க வூட்லயே வுட்டுட்டுப் போயிருக்கலாமே அந்தப் புள்ளைய!"

நானும் சிரித்தேன். ஆனால் பேனா நின்றது அக்கா சொன்னதால் இல்லை. கூரைமேல் நிற்கும் மகளை நினைத்த பயம் கொஞ்சம் உண்டு, அதுவும் முழுக் காரணம் இல்லை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது கல்வராயன் மலையில் பிறந்த வேறொரு பெண். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

கச்சிராயபாளையத்தில் நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு மோட்டார் பட்டறை உண்டு. கோமுகி அணைப் பாசனத்துக் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் மலைக் கிணறுகளிலிருந்தும் எரிந்துபோன மோட்டார்கள் அங்கேதான் வரும். காயில் பிரித்துக் கட்டி, பேரிங் மாற்றி அனுப்புவார்கள். பள்ளியில் பொது இயந்திரவியல் என்று ஒரு தொழிற்பிரிவு உண்டு. அந்தப் பிரிவுக்கு லேத் எனும் கடைசல் இயந்திரம் ஒன்றும் உண்டு. ஆனால் அதற்கு மின் இணைப்பு வந்ததில்லை. தார்ப்பாய் போர்த்தி மூலையில் நிற்கும். பிள்ளைகள் அதைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் வாங்குவார்கள். நானும் வாங்கினேன். எத்தனையோ வருடங்களில் அந்தச் சாலையைக் கடந்து பட்டறைக்குப் போனது பையன்கள் அடித்த கிரிக்கெட் பந்து மட்டும்தான்.

டிப்ளமா முடித்துவிட்டு அந்தப் பட்டறையில் வேலை கேட்டுப் போனேன். அப்போதிருந்த பெரியவர், பொம்பளப் புள்ளைக்கு இங்க எங்க எடம் என்று அன்பாகவே சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். சென்னைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று, இங்கே வந்தேன்.

இங்கே வந்து தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு நாள் தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்கள் தளத்துக்குள் நடந்து வந்தார். காபி எடுத்துக்கொண்டார். தன் மாணவன் எதில் பின்தங்குகிறான் என்று எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டார். இவர் சொன்னதை அவர் குறித்துக்கொண்டார், அவர் சொன்னதை இவர். பிள்ளை ஒன்று, வளர்ப்பவர்கள் இருவர் என்பதுபோல இருந்தது. ஒரு வாத்தியார் பட்டறைக்குள் வந்து கேள்வி கேட்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒரு விடுமுறையில் ஊருக்குப் போய் தலைமை ஆசிரியை மல்லிகாவைப் பார்த்தேன். என்னைவிட இளையவர், துணிச்சல்காரி. பதினொன்றாம் வகுப்புத் தொழிற்பிரிவுப் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்கள் வாரத்தில் இரண்டு நாள் எதிர்ப் பட்டறையில் வேலை பழகட்டும், மற்ற நாள் பள்ளியில் இருக்கட்டும் என்றேன்.

"நல்லதுதாங்க. ஆனா பொண்ணுங்கள பட்டறைக்கு அனுப்பினா ஊரு என் தலைய உருட்டுமே" என்றார்.

"நானும் இந்த ஊர்ப் பொண்ணுதாங்க."

"நீங்க தப்பிச்சிப் போய்ட்டீங்க. நா இங்க இருக்கணும்" என்று சிரித்தார். சிரித்தாலும் சொன்னதில் ஒரு முள் இருந்தது. அப்போது அது குத்தவில்லை.

பட்டறையை இப்போது நடத்துவது அந்தப் பெரியவரின் மகன் ஏகாம்பரம். எனக்கு அண்ணன் முறை. சாலையைக் கடந்து அவரிடம் போனேன்.

"நீ சொல்றதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்குது. நா கத்துக் குடுப்பேன். அவன் கத்துக்கினு எனக்கு எதுர்லயே கட போடுவான். இன்னா நாயம் இது?"

"எப்டியும் யாரோ ஒருத்தன் கட போடத்தாண்ணா போறான். உங்ககிட்ட கத்துக்கினவன் போட்டா, பாக்கும்போது வணக்கமாவது வெப்பான்."

"வணக்கத்த வெச்சிக்கினு நா இன்னா பண்றது?"

"கூட ஆளு இல்லாமதானே சீசன்ல ராவும் பகலும் நிக்கறீங்க? ரெண்டு வருஷத்துல உங்க கையில பழகின ஆளு கெடைக்கும்."

அதுதான் அவருக்குப் பிடித்தது. பழகின ஆள் கிடைக்கும். நான் அவருக்குக் கொடுத்த வாக்கு அது. அதைக் கொடுக்கும்போது, அந்த ஆள் என்பது ஒரு பிள்ளை, அதற்கு வேறு எண்ணங்கள் இருக்கலாம் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அனுமதி வாங்கியது தனிக் கதை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் மனு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதே முதலில் தெளிவாக இல்லை. மல்லிகா ஸ்கூட்டியில் கள்ளக்குறிச்சிக்கும் பள்ளிக்குமாக அலைந்தார். கடைசியில் ஓர் அலுவலர் கேட்ட கேள்வி: மாணவர் பட்டறையில் இருக்கும் நாள், வருகைப் பதிவேட்டில் வந்ததாகக் கணக்கா, வராததாகக் கணக்கா? வந்ததாகவே எழுதலாம் என்று முடிவாகப் பல வாரம் ஆனது. நான் இங்கிருந்து சிரித்தேன். பிறகு எங்கள் தொழிற்சாலையில் பயிற்சிப் பையன் ஒருவன் தொழிற்பள்ளியிலிருந்து வரும் வழியில் ரொட்டி வாங்க இறங்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டான். அந்தச் சுளுக்கு காப்பீட்டில் சேருமா, ரொட்டி சொந்த விஷயமா என்று மூன்று அலுவலகங்கள் கடிதம் எழுதிக்கொண்டதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

3

முதல் பேட்சில் சேர்ந்தவர்கள் மூன்றே பேர். இரண்டு பையன்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் காஞ்சனா. வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் இறங்கி இன்னும் நடக்க வேண்டிய ஊர் அவளுக்கு. அப்பாவும் அம்மாவும் வருடத்தில் பாதி நாள் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். அவள் அடிவாரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள்.

அடுத்த விடுமுறையில் பட்டறைக்குப் போனபோதுதான் முதலில் பார்த்தேன். கூடையளவு செம்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு, காதோரம் முடியைத் துணியால் கட்டி, ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் குனிந்திருந்தாள். வாசலில் ஒரு விவசாயி டிவிஎஸ்ஸில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மெக்கானிக்கு இல்லீங்களா?"

"நாந்தாங்க. சொல்லுங்க" என்றாள் காஞ்சனா.

அவர் அவள் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். "இல்ல, மெக்கானிக்கு..."

உள்ளேயிருந்து ஏகாம்பரம் கத்தினார்: "யோவ், அதுகிட்டயே சொல்லுய்யா. நா சாப்டுக்கினு இருக்கறேன்."

அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அதே வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்பிய பெண் நான். அங்கே அவளை வைத்து ஒரு புகைப்படம் எடுத்தேன். இங்கே திரும்பியதும் எங்கள் தொழிற்சாலைக் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, பள்ளியையும் பட்டறையையும் இணைத்த கதையைச் சொன்னேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கைதட்டுவதற்குப் பதில் மேசையைத் தட்டுவது இங்கே ஒரு வழக்கம். நிர்வாகம் பட்டறைக்குச் சில அளவுக் கருவிகள் அனுப்பி வைத்தது. செய்தி மடலில் காஞ்சனாவின் முகமும் என் பெயரும் வந்தன.

காஞ்சனா அதற்குப் பிறகு எனக்கு வாட்ஸப்பில் குரல் அனுப்புவாள். "அக்கா, இன்னிக்கு ஒரு சப்மெர்சிபிள் பிரிச்சோம்க்கா. உள்ள தவள இருந்துச்சு." "அக்கா, அங்க பனி பேஞ்சா மோட்டாரு இன்னா ஆவும்?" நான் வேலைக்குப் போகும் ரயிலில் அவற்றைக் கேட்பேன். என் மகள் எனக்குக் குரல் அனுப்புவதை நிறுத்திப் பல நாளாகியிருந்தது. அனுப்பினாலும் ஜெர்மனில்தான் வரும்.

4

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த பிறகு ஒரு நாள், மதிய இடைவேளையில் ஏகாம்பரம் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை.

"ஒரு பையன் திருப்பூருக்குப் போய்ட்டான்மா. இன்னொருத்தன் அவங்க மாமாகூட சென்னைக்கு. ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொல்லல. இப்ப காஞ்சனாவுக்கு பாலிடெக்னிக்ல எடம் வந்துருக்குதாம். நேரா ரெண்டாவது வருஷம். மல்லிகா டீச்சரம்மா ஒரே குஷியா சாக்லேட் குடுத்துக்கினு இருக்காங்க."

"நல்ல விஷயம்தானேண்ணா."

"யாருக்கு? ரெண்டு வருஷம் கத்துக் குடுத்து எல்லாத்தையும் வழியனுப்பி வெச்சா, அடுத்த வருஷம் நா எதுக்கு எடுக்கணும்? நீதானே சொன்ன, பழகின ஆளு கெடைக்கும்னு?"

அவரே தொடர்ந்தார்.

"அந்தப் பொண்ணு நா சொன்னா கேக்காது. நீ சொன்னா கேக்கும். ஒரு வருஷம் இருக்கச் சொல்லு. அப்றம் அது இஷ்டம்."

புதிதாக மூன்று பிள்ளைகள் ஜூனில் சேரக் காத்திருந்தார்கள். அவர் கதவைச் சாத்தினால் எல்லாம் முடிந்தது. அதைத்தான் நினைத்தேன் என்று எனக்கே நான் பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான். அதோடு இன்னொன்றும் உண்மை. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் எங்கள் தொழிற்சாலை இந்தத் திட்டத்தை இன்னொரு ஊருக்கும் விரிக்கலாமா என்று பேசவிருந்தது. முதல் பேட்ச் மொத்தமும் கலைந்துவிட்டது என்று எழுந்து நின்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் காஞ்சனாவைக் கூப்பிட்டேன். வீட்டுச் சமையலறையில் நின்று பேசினேன். மேசையில் நிலா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாழ்த்துக்கள் காஞ்சனா" என்று தொடங்கினேன். வாழ்த்துச் சொன்ன வாயாலேயே மீதியையும் சொன்னேன். அடுத்து வரும் பிள்ளைகளுக்கு நீதான் முன்னுதாரணம் என்றேன். கையில் தொழில் இருப்பதுதான் பெரிய படிப்பு, இங்கே ஜெர்மனியில் எல்லோரும் அப்படித்தான் என்றேன். ஒரே ஒரு வருடம்தான், காலேஜ் எங்கேயும் ஓடிவிடாது என்றேன்.

அவளுக்குப் பின்னால் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அடுத்த வருஷமும் எடம் குடுப்பாங்களாக்கா?"

"குடுப்பாங்க. மார்க்கு எங்க போகப் போவுது?"

"சரிங்கக்கா. நீங்க சொன்னா சரி."

போனை வைத்துவிட்டு நான் நிம்மதியாகச் சாதம் வைத்தேன். எனக்கு இப்போது அந்த நிம்மதியைத்தான் நினைக்கப் பிடிக்கவில்லை.

5

செப்டம்பரில் ஒரு நாள் சாப்பிடும்போது நிலா, பத்தாம் வகுப்போடு மேல்நிலைப் பள்ளியை விட்டுவிட்டுக் கூரை வேயப் பழகப் போவதாகச் சொன்னாள். முந்தைய கோடையில் பள்ளி மூலம் இரண்டு வாரம் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படி எங்காவது போக வேண்டும் என்பது பள்ளி விதி. மருத்துவர் வீட்டுக்கோ வங்கிக்கோ போயிருக்கலாம். இவள் ஏணி ஏறினாள். மேலே நின்றால் ஊர் முழுக்கத் தெரிகிறது, மாலையில் திரும்பிப் பார்த்தால் காலையில் இல்லாத ஒரு கூரை இருக்கிறது என்றாள்.

நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். கணிதத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை, பொறியியல் படிக்க வேண்டியவள், உன் வயதில் எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது. என் கணவர், அவள் விருப்பம்தானே என்றார். அவரோடும் பேச்சில்லை.

வகுப்பாசிரியையைப் பார்க்கப் போனேன். பதினேழு ஆண்டுகளாக இந்த மொழியில் வேலை செய்கிறேன். ஆனால் கோபம் வந்தால் ஜெர்மன் காலை வாரிவிடும். 'ஆவது' என்பதற்கு இங்கே ஒரு சொல், 'கிடைப்பது' என்பதற்கு ஒரு சொல். இரண்டாவது சொல்லான 'பெகோமன்', பள்ளியில் நாம் படித்த ஆங்கில 'பிகம்' போலவே ஒலிக்கும். "என் மகள் இன்ஜினியர் ஆக வேண்டும்" என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு மேசையைத் தட்டி, "என் மகளுக்கு ஓர் இன்ஜினியர் கிடைக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியையின் முகம் மாறிவிட்டது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். மறுநாளே பள்ளி ஆலோசகர் ஒருவர் நிலாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

நிலா அன்று வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரச் சொன்னாள். நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் கேட்டாள். தமிழில் கேட்டாள், அதனால் சொற்கள் ஒன்றொன்றாக வந்தன.

"அம்மா, நீ காஞ்சனா அக்காவுக்குச் சொன்னாய், கைத்தொழில் பெரிய படிப்பு. நான் கேட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஏன் அது இல்லை?"

"உனக்கு வேற, அவளுக்கு வேற" என்று சட்டென்று வந்துவிட்டது.

"என்ன வேற?"

சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது. அதை வாயால் சொன்னால் இந்த வீட்டில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாது. மலையில் பிறந்த பிள்ளைக்குப் பட்டறை போதும், என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குப் போதாது. இதைத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக இரண்டு நாட்டிலும் மேடையேறி இதற்கு நேர்மாறாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

6

டிசம்பரில் நிலாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். காஞ்சனாவிடம் நேரில் பேசி, வரும் ஜூனில் எப்படியாவது அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஏகாம்பரத்திடம் சண்டை போடத் தயாராக இருந்தேன். அவர் சண்டைக்கே வரவில்லை.

"போகட்டுமே. நாந்தான் அப்பவே சொன்னேனே, ஒரு வருஷம் அப்றம் அது இஷ்டம்னு" என்றார்.

அன்று வெள்ளிமலைப் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரைப் பூட்டக் காஞ்சனா போக வேண்டியிருந்தது. நாங்களும் பட்டறை ஜீப்பில் ஏறிக்கொண்டோம். மலைப்பாதை வளைவுகளில் நிலா வாந்தி எடுத்தாள். காஞ்சனா அவள் முதுகைத் தடவி, எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்தாள். மேலே சாமை அறுத்த கொல்லைக்கு நடுவில் கிணறு. காஞ்சனாவும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் கயிற்றில் மோட்டாரை இறக்கினார்கள். நிலாவும் கையுறை இல்லாமல் கயிற்றைப் பிடித்தாள். கயிறு கை நழுவப் பார்த்தபோது காஞ்சனா, "வுடாத, வுடாத, இன்னும் கொஞ்சம்" என்று அதட்டினாள். தண்ணீர் வந்ததும் கிணற்றுக்காரம்மா எல்லோருக்கும் மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தார்.

நிலா அந்தப் பிள்ளைகளோடு வாய்க்கால் பக்கம் போய்விட்டாள். நாங்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்தோம்.

"காஞ்சனா, ஜூன்ல நீ காலேஜ்ல சேரு. நா எல்லா ஏற்பாடும் பண்றேன். அண்ணன்கிட்டயும் பேசிட்டேன்."

அவள் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லக்கா."

"வூட்ல எதாவது கஷ்டமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அப்பாவ இப்ப காப்பித் தோட்டத்துக்குப் போவ வேணாம்னு நிறுத்திட்டேன். நல்லாத்தான் இருக்கறோம்."

"அப்றம் இன்னா?"

"ஆச வர்லக்கா." அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத முகம். "அப்ப இருந்துச்சு. அந்த சீட்டு வந்தப்ப ரெண்டு நாளு தூக்கமே வர்ல. பையெல்லாம் கூட வாங்கி வெச்சேன். இப்ப நெனச்சிப் பாத்தா வர்லக்கா. யாரோ போற மாதிரி இருக்குது."

"நா சொன்னதாலதான் நீ நின்ன, இல்ல?"

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் கேட்டதே அவள் அப்படிச் சொல்வாள் என்றுதான் போலிருக்கிறது.

"ஆமாங்கக்கா" என்றாள். "வேற யாரு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஏகாம்பரண்ணன் சொன்னாரு, கேக்கல. நீங்க அங்கல்லாம் போய் பாத்தவங்க. நீங்களே சொல்றீங்கன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். கையில் செம்புக் கம்பி அறுத்த தழும்புகள் இருந்தன. மன்னித்துவிடு என்றேன். அவள் பதறிப்போய், "ஐயோ, இன்னாக்கா நீங்க, எதுக்கு அதெல்லாம்?" என்று கையை இழுத்துக்கொண்டாள். வாய்க்கால் பக்கத்திலிருந்து நிலாவின் குரல் வந்தது. யாரோ அவளுக்கு 'வூடு' என்று சொல்லிக் கொடுக்க, அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் போகும் நம்மில் பலருக்கும் இது பழக்கமான இடம்தான் என்று நினைக்கிறேன். நல்லது செய்யப் போகிறோம். நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். நாம் தூரத்திலிருந்து சொல்வதாலேயே அதற்கு ஒரு எடை கூடிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவன் சொன்னால் சண்டை போடுவார்கள், மறுப்பார்கள். நம்மிடம் சரிங்கக்கா என்கிறார்கள். அந்தச் சரிக்கு நாம் பொறுப்பேற்கும் நேரம் வரும்போது, நாம் திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள அவர்களிடம் ஆசை மிச்சமில்லாமல் போகிறது. காஞ்சனா நன்றாக இருக்கிறாள். பட்டறையில் பாதி அவள் கையில். மலை ஊர்களில் அவளைக் கூப்பிட்டுத்தான் மோட்டார் பூட்டுகிறார்கள். அவள் வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் அது அவளை அவமதிப்பது. ஆனாலும் அவளிடம் ஓர் ஆசை இருந்தது. அதை அணைத்தது என் குரல்.

விமானத்தில் திரும்பும்போது நிலாவிடம், நீ கூரைக்கே போ என்றேன். அவள் நம்பவில்லை. ஏப்ரலில் அந்தப் பேனா கையில் நின்றபோது நான் யோசித்தது இதுதான்: இந்தக் கையெழுத்து நிலாவின் ஆசைக்காகவா, காஞ்சனாவிடம் பட்ட கடனைத் தீர்க்கவா? ஒரு பிள்ளைக்குச் செய்த தப்பை இன்னொரு பிள்ளையை வைத்துச் சரிக்கட்டுகிறேனா? நிலா "அம்மா, போடு" என்றாள். போட்டேன்.

7

போன மாதம் ஏகாம்பரம் மறுபடி கூப்பிட்டார். குரலில் அனல் பறந்தது.

"ஒன் ஆளு இன்னா பண்ணா தெரியுமா?"

"யாருண்ணா?"

"காஞ்சனாதான்! இந்த வருஷம் முடிச்ச ரெண்டாவது பேட்ச்சுல ஒரு பொண்ணு, சங்கராபுரத்துப் பக்கம், நல்ல கை. அதுக்கும் பாலிடெக்னிக் சீட்டு வந்துச்சு. நா பேசி, அவங்க அப்பன்கிட்ட பேசி, ஒரு வழியா இருக்கறேன்னு சொல்ல வெச்சேன். காஞ்சனா போயி அந்தப் பொண்ண பஸ் ஏத்தி வுட்டுட்டா. என் கடையில சம்பளம் வாங்கிக்கினு, என் ஆளயே போன்னு சொல்றா. கேட்டா, ஆமாம் சொன்னேன்றா. நீ கொஞ்சம் அவகிட்ட பேசு."

"நா பேச மாட்டேண்ணா."

"இன்னாது?"

"இனிமே அந்த மாதிரி யாருகிட்டயும் நா பேச மாட்டேன். போறவங்க போகட்டும். நிக்கறவங்க நிக்கட்டும். நா உங்ககிட்ட பழகின ஆளு கெடைக்கும்னு சொன்னது தப்பு. அத திருப்பி எடுத்துக்கறேன்."

அவர் கொஞ்ச நேரம் திட்டினார். இந்த வருடம் ஒருவரைக்கூட எடுக்கமாட்டேன் என்றார். மல்லிகா விசாரித்ததில், இரண்டு பேரை எடுத்திருக்கிறாராம். போன வருடம் மூன்று. அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று மல்லிகாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் தொழிற்சாலைக் கூட்டத்தில் இந்த முறை நான் படம் எதுவும் போடவில்லை. பள்ளியும் பட்டறையும் எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று முதல் வரி இருக்க வேண்டும் என்றேன். யாரும் மேசையைத் தட்டவில்லை.

அன்று மாலை காஞ்சனாவைக் கூப்பிட்டேன். திட்டுவேன் என்று நினைத்திருப்பாள் போல. போனை எடுத்ததும் அவளே தொடங்கினாள்.

"அண்ணன் சொல்லிட்டாராக்கா?"

"சொன்னாரு. நல்லது பண்ண."

"கோவமா கீறாரு. சரியாப் போயிடும். அந்தப் பொண்ணு நைட்டெல்லாம் அழுதிருக்குதுக்கா, வெளிய காட்டாம. எனக்குத் தெரிஞ்சிச்சு. அதான் பையத் தூக்கிக்கினு வாடீன்னு கூட்டினு போயி ஏத்தி வுட்டேன்."

"அவங்க அப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு. ஒனக்கு எதுக்கு இந்த வேலைன்னாரு." அவள் குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. வேலை நேரத்துக் குரல். "எல்லாரும் இரு இருன்னுதானேக்கா சொல்றாங்க. போன்னு ஒருத்தராவது சொல்லணும் இல்ல?"

அவளுக்குப் பின்னால் ஜீப் ஹாரன் அடித்தது.

"சரிங்கக்கா, வெள்ளிமலைக்குப் போவணும், வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.